குளவி போகட்டும், போல்ட் இருக்கட்டும்

கழன்று வருகிற போல்ட் சத்தம் போடும். துருவோடு துரு உரசி, கீச்சென்று ஓர் அழுகை அழுதுவிட்டுத்தான் அசையும். முறியப் போகிற போல்ட் அப்படியில்லை. வாயே திறக்காது. ஸ்பானர் பிடித்த கைக்கு, வெல்லப்பாகைக் கிண்டுகிற மாதிரி வழவழவென்று இழுத்துக்கொண்டு வரும். ஆகா, கழன்றுவிட்டது என்று நம்பி இன்னொரு கால் சுற்று இழுத்தால் தலை தனியாகக் கையில் வந்துவிடும். உடம்பு உள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காது கொஞ்சம் சொல்லும். மீதியை விரல்தான் சொல்ல வேண்டும்.

திண்டிவனத்தில் செஞ்சி ரோட்டில் நான் ஷெட் போட்டு இருபத்தாறு வருஷமாகிறது. பழைய வண்டிகள்தான் என் பிழைப்பு. மற்ற மெக்கானிக்குகள் கை வைத்துப் பார்த்து, வராது என்று விட்ட போல்ட்டுகள் கடைசியில் என்னிடம் வரும். "போல்ட்டுக்காரர்கிட்ட எடுத்துக்கினு போ" என்றால் ஊரில் பாதிப் பேர் என் ஷெட்டுக்கு வழி சொல்வார்கள். அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இல்லை என்று சொன்னால் என் மனைவி சிரித்துவிடுவாள்.

போன வருஷம் என் வலது கையில் மூன்று விரல்கள் மரத்துப் போயின. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல். முதலில் காலையில் எழுந்திருக்கும்போது எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. பிறகு ஒருநாள் டீக்கடையில் கிளாஸ் நழுவிக் காலில் விழுந்தது. சூடு தெரியவில்லை. அதைவிட மோசம், கிளாஸைப் பிடித்திருக்கிறேனா இல்லையா என்பதே தெரியவில்லை. முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். மணிக்கட்டில் நரம்பு நெரிபட்டுக் கிடக்கிறது என்று சொல்லி ஆபரேஷன் செய்தார்கள். நன்றாகவே பார்த்துக்கொண்டார்கள். தையல் பிரிக்கும்போது டாக்டரம்மா சொன்னார்:

"நரம்பை விடுவிச்சாச்சுங்க. உணர்ச்சி மெதுவாத்தான் திரும்பும். எப்ப வரும், எவ்ளோ வரும்னு என்னால உறுதியா சொல்ல முடியாது. பொறுமையா இருங்க."

பொறுமைக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். புண் ஆறியதுமே ஷெட்டைத் திறந்துவிட்டேன். திறந்த வாரத்திலேயே இரண்டு போல்ட்டை முறித்தேன்.

முதலாவது ஒரு பால்காரருடைய வண்டியின் சைலன்சர் போல்ட். சின்ன வேலை. கண்ணை மூடிக்கொண்டு செய்வேன் என்று பெருமையடித்துக்கொள்கிற வேலை. பட்டென்று தலை தெறித்து வந்தது. இரண்டாவது இன்னும் கேவலம். பழகிய நண்பருடைய வண்டியில் சிலிண்டர் ஹெட் போல்ட். வழவழவென்று இழுத்துக்கொண்டு வந்திருக்கிறது, என் விரலுக்குத் தெரியவில்லை. முறிந்த துண்டு உள்ளே இருக்க, அந்தப் பாகத்தைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி விழுப்புரம் லேத்துப் பட்டறைக்குப் போனேன். வழக்கமாக, மற்றவர்கள் முறித்ததை எடுத்துக்கொண்டு போய், அவர்களைத் திட்டிக்கொண்டே அந்த பெஞ்சின் மேல் வைக்கிற ஆள் நான். அன்றைக்கு வாயைத் திறக்காமல் வைத்தேன். லேத்துக்காரர் ஒரு தடவை அந்தத் துண்டைப் பார்த்தார், ஒரு தடவை என் கையைப் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. நடுவில் துளை போட்டு, துண்டை வெளியே எடுத்து, மரையைச் சுத்தம் செய்து கொடுத்தார். கேட்டிருந்தால் கத்தியிருப்பேன். கேட்காததால் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் உதட்டை மென்றுகொண்டு வந்தேன்.

செய்தி எப்படியோ என் மச்சானுக்குப் போய்விட்டது. மனைவியின் தம்பி. விழுப்புரத்தில் ஒரு டைல்ஸ் கடையில் சூப்பர்வைசராக இருக்கிறான். நல்லவன்தான், ஆனால் நல்லது செய்தே தீருவேன் என்று கங்கணம் கட்டிக்கொண்டு அலைகிறவன். அந்தக் கடையில் எனக்கு வாட்ச்மேன் வேலை பேசி, நீலச் சட்டை இரண்டு தைக்கச் சொல்லி, அளவு சட்டைகூட அக்காளிடம் வாங்கிக்கொண்டு போயிருந்தான்.

"மாமா, அடுத்த மாசம் ஒண்ணாந்தேதி வந்து சேந்துடுங்க. உக்காந்துக்கினே இருக்குற வேலை. கையால ஒண்ணும் பண்ண வேணாம்."

கையால் ஒன்றும் பண்ண வேண்டாம் என்பதுதான் என்னைக் கொன்றது.

என் மனைவி வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறாள். ஷெட்டுக்குப் பின்னால்தான் வீடு, அவளுடைய மெஷின் சத்தம் எனக்குக் கேட்கும், என் சுத்தியல் சத்தம் அவளுக்குக் கேட்கும். வாட்ச்மேன் வேலைக்குப் போ என்றும் அவள் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. காலையில் கேப்பைக் கூழ் குடித்துக்கொண்டிருக்கும்போது நானே சொன்னேன். "இன்னும் ஒரே ஒரு கஷ்டமான போல்ட் எடுத்துப் பாக்குறேன். வந்துச்சுன்னா மெக்கானிக்கு. முறிஞ்சுதுன்னா நீலச் சட்டை."

அவள் ஊறுகாயை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். "பாருங்க" என்றாள்.

அதே மாதம், முதல் வாரம் முடிவதற்குள் டீச்சர் வந்தார். ஒரு குட்டியானை லோடு வண்டியில் பழைய மோட்டார் சைக்கிளைக் கயிறு போட்டுக் கட்டி, தானே முன்சீட்டில் உட்கார்ந்து, மேல்சித்தாமூரிலிருந்து கொண்டுவந்தார். பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். அறுபதுக்கு மேல் வயது. மூக்குக் கண்ணாடி, காட்டன் புடவை, கையில் வீட்டில் வடிகட்டிய தண்ணீர் நிரப்பிய ஸ்டீல் பாட்டில். அது அவருடைய வீட்டுக்காரருடைய வண்டி என்று நினைத்துக்கொண்டு, சார் ஓட்டுவாரா என்று கேட்டுவிட்டேன்.

"சாருக்கு சைக்கிளே வராது. இது என் வண்டி. கிராமத்து ஸ்கூலுக்கெல்லாம் இதுலதான் போனேன்" என்றார். "எட்டு வருஷமா மாட்டுக் கொட்டாயில நிக்குது. பஸ்ஸுக்கு நின்னு நின்னு பேஜாரா போச்சு தம்பி. ரெடி பண்ணிக் குடுத்தீங்கன்னா பனமலை ஏரிக்கரை வரைக்கும் ஒரு ரவுண்டு போய்ட்டு வருவேன்."

புடவை கட்டிக்கொண்டு இந்த வண்டியில் போயிருக்கிறார் என்பதை நினைத்தவுடனேயே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. வண்டியையும் பிடித்தது. டூ ஸ்ட்ரோக், ஒரே சிலிண்டர். அதைச் செய்த ஆலையே மூடிவிட்டது, உதிரி பாகம் கிடைக்காது. கிக்கரை அழுத்தினால் கல்லை மிதிக்கிற மாதிரி இருந்தது. இன்ஜின் பிடித்துக்கொண்டிருக்கிறது. மேலே இருக்கிற நான்கு போல்ட்டைக் கழற்றி ஹெட்டைத் தூக்கினால்தான் மேற்கொண்டு வேலை. இதற்கு முன்னால் இரண்டு கடையில் காட்டியிருக்கிறார். போல்ட் முறிந்தால் சிலிண்டரே போய்விடும், வேறு கிடையாது என்று இரண்டு பேரும் கும்பிடு போட்டு அனுப்பிவிட்டார்கள்.

எனக்கு இதுதான் அந்த போல்ட் என்று தெரிந்துவிட்டது.

மூன்று போல்ட் இடது கையாலேயே வந்துவிட்டன. நான்காவது, பின்பக்கம், வரவில்லை. ஸ்பானரை வைத்து லேசாக இழுத்தேன். சுவரில் ஸ்பானர் போட்ட மாதிரி நின்றது. சரி, கேஸ் நெருப்பு வைக்கலாம் என்று முடிவு செய்தேன். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அந்த நேரத்தில் நெருப்பு எனக்கு வெறும் கருவி இல்லை. சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடு பண்ணினால் அது விரிந்து போல்ட்டின் மேலுள்ள பிடியை விடும். அப்படிப் பிடி விட்ட போல்ட்டை மரத்த கையாலும் இழுத்துவிடலாம். எனக்கு விரல் வேண்டாம், நெருப்பு போதும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். கேஸைத் திறந்து தீக்குச்சியைக் கிழிக்கப் போனபோது டீச்சர் குனிந்து, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"கொஞ்சம் இருங்க. அது இன்னாது அங்க?"

நான்காவது போல்ட்டுக்குப் பின்னால், இன்ஜினின் தகடுகளுக்கு இடையில், உள்ளங்கை அளவுக்கு மண் அப்பியிருந்தது. நான் அதைச் சேறு என்று நினைத்து விட்டிருந்தேன். சேறு இல்லை, குளவிக்கூடு. வரிசையாக ஐந்து புடைப்பு, ஐந்தும் மூடியிருந்தன.

"உள்ள புழு இருக்கு. கூட்டுப்புழுவா கூட ஆகியிருக்கும்" என்றார் டீச்சர். "நெருப்பு வைக்காதீங்க தம்பி. குளவி வெளிய போகட்டும்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அவர் சமணக் குடும்பம், மேல்சித்தாமூர் மடத்துக்குப் பக்கத்து வீதி. பொழுது சாய்ந்தால் சாப்பிடமாட்டார், தெரிந்து ஓர் உயிரைக் கொல்லமாட்டார். அதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். ஆனால் என் ஷெட்டில், என் போல்ட்டுக்குக் குறுக்கே அது வந்து நிற்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"எவ்ளோ நாள் ஆகும் டீச்சர்?"

"அதிகம் போனா மூணு வாரம்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. மூன்று வாரம் போனால் மாதம் முடிந்துவிடும், நீலச் சட்டை வந்துவிடும். அதை அவரிடம் சொல்ல முடியுமா? வாய்க்கு வந்ததைப் பேசினேன். "அந்தக் குளவி பச்சைப் புழுவையும் சிலந்தியையும் உயிரோட கொட்டிக் கொண்டாந்து உள்ள அடைச்சு வெச்சிருக்கும் டீச்சர். அதுவே கொலைகாரக் கூட்டம். அதுக்குப் போயி ஒரு வண்டியை மூணு வாரம் நிறுத்தணுமா?"

"அது அதோட கணக்கு" என்றார் டீச்சர், கோபமே இல்லாமல். "நெருப்பு வெச்சா அது நம்ம கணக்கு."

வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த இரண்டு கடைக்காரர்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். மூன்றாவதாகக் கும்பிடு போட எனக்கு மனசு வரவில்லை. கேஸை மூடினேன். டீக்கடையிலிருந்து வந்த கிளாஸை எடுத்துக் குடித்தேன். டீச்சர் பாட்டில் தண்ணீரைக் குடித்தார். அடுத்த பஸ்ஸில் ஏறி, பொழுது சாய்வதற்குள் வீடு போய்ச் சேரக் கிளம்பிவிட்டார்.

என் மனைவியிடம் சொன்னபோது தையல் மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "ஏங்க, உங்களுக்கு மரை கிரை கழண்டுபோச்சா? குளவிக்காகக் காத்துக்கினு இருக்கீங்களா?"

"மரை கழண்டிருந்தாத்தான் போல்ட்டு வந்திருக்குமே" என்றேன்.

அதற்கு அவள் சிரித்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். பிறகு, குளவி கூடு கட்டினால் அந்த வீட்டில் யாரோ முழுகாமல் இருக்கிறார்கள் என்று அர்த்தமாம், மாட்டுக் கொட்டாயில் கட்டினால் பசு சினையாக இருக்குமாம் என்று ஏதேதோ சொன்னாள். "உங்க ஷெட்டுக்கு வந்திருக்கு, நீங்கதான் ஜாக்கிரதையா இருக்கணும்" என்று கடைசியில் ஒரு குத்து வேறு.

வண்டியை ஷெட்டின் ஓரமாக, லாரி ரோட்டைப் பார்த்த மாதிரி தள்ளி நிறுத்தினேன். நெருப்பு இல்லை என்றால் எண்ணெய்தான். எண்ணெய் என்றால் நாள்தான். டீசலும் பிரேக் ஆயிலும் கலந்து, மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய ஊசி சிரிஞ்சில் ஏற்றி, காலையில் நான்கு சொட்டு, மாலையில் நான்கு சொட்டு, சரியாக போல்ட்டின் கழுத்தில் விட்டேன். மண்ணில் ஊறிவிடக் கூடாது என்று பின்னால் பஞ்சு வைத்தேன். சின்ன சுத்தியலால் போல்ட்டின் தலையைப் பத்துத் தட்டு தட்டினேன், எண்ணெய் உள்ளே இறங்க. அப்படித் தட்டினால் உள்ளே இருக்கிற குளவிக்கு ஒன்றும் ஆகாதா என்று போனில் டீச்சரிடம் கேட்டேன். கேட்ட பிறகுதான் எனக்கே வெட்கமாக இருந்தது. "எல்லா லாரியும் அதிர அதிரப் போற ரோட்டுலதானே நிக்குது. மெதுவா தட்டுங்க, ஒண்ணும் ஆகாது" என்றார்.

தட்டிய பிறகு ஸ்பானர். கழற்ற வேண்டிய போல்ட்டை முதலில் இறுக்குகிற பக்கம்தான் ஒரு மயிரிழை தள்ளிப் பார்க்க வேண்டும். துருவின் பிடி அப்போதுதான் விடும். இடது கையை இன்ஜினில் ஊன்றிக்கொண்டு வலது கையால் ஸ்பானரைப் பிடிப்பேன். இறுக்கும் பக்கம் ஒரு தள்ளு, கழற்றும் பக்கம் ஒரு இழு. அசையாது. எடுத்து வைத்துவிடுவேன். டாக்டரம்மா பலமாக இழுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். அதுவரை கேட்காத பேச்சை, நெருப்பும் இல்லாமல் பலமும் இல்லாமல், வேறு வழியில்லாமல் கேட்டேன்.

முதல் வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு செய்தேன். தினமும் வண்டியைத் தாண்டும்போது அந்த மண்ணைப் பார்த்து ஒரு வசவு. இரண்டாவது வாரம் ஒரு பல்லி அதை மோப்பம் பிடித்துக்கொண்டு சுற்றியது. சுத்தியலைத் தூக்கி ஓட்டிவிட்டேன். அப்புறம் மனைவியிடம் பிளவுஸ் லைனிங் துணியில் ஒரு துண்டு வாங்கி, கூட்டின் மேல் வலை மாதிரி கட்டினேன். அவள் கத்தரித்துக் கொடுத்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டாள் என்பது எனக்குத் தெரியும்.

பதினேழாவது நாள் காலை. டீச்சரே நாளை எண்ணி வைக்கச் சொல்லியிருந்ததால் நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. எண்ணெய் விட்டுவிட்டு, சுத்தியலை எடுப்பதற்கு முன்னால், வழக்கத்துக்கு மாறாக வலது கையை இன்ஜினின் தகட்டின் மேல் ஊன்றிக்கொண்டு நின்றேன். ரோட்டில் வண்டி எதுவும் இல்லை. நடுவிரலில் என்னவோ நறநறத்தது. மிகமிகச் சின்னதாக, பக்கத்து வீட்டில் யாரோ மிளகு நுணுக்குகிற மாதிரி. நின்றது. மறுபடி வந்தது.

முதலில் நரம்புதான் விளையாடுகிறது என்று நினைத்தேன். ஆபரேஷனுக்குப் பிறகு சும்மாவே விரல் சில நேரம் துடிக்கும். கையை எடுத்தேன். ஒன்றுமில்லை. வைத்தேன். நறநற. இடது கையை வைத்துப் பார்த்தேன். அதற்கும் அதேதான் தெரிந்தது. குனிந்து காதை வைத்தேன். மூடிய மண்ணுக்குள்ளிருந்து குளவி கதவைக் கடித்துக்கொண்டிருந்தது. அது கடிப்பது மண்ணில் ஏறி, தகட்டில் ஏறி, மரத்துப்போன என் விரலுக்கு வந்துகொண்டிருந்தது.

மனைவியைக் கூப்பிட்டேன். எப்படிக் கூப்பிட்டேனோ, அவள் கத்தரிக்கோலைக் கையில் பிடித்தபடியே ஓடிவந்தாள். "இங்க கைய வெச்சுப் பாரு. இன்னாவோ தெரியுதா உனக்கு?"

வைத்தாள். "ஆமாங்க. சொறியிற மாதிரி இருக்கு."

"எனக்கும் தெரியுது" என்றேன். "இந்தக் கைக்குத் தெரியுது."

அவளுக்குப் புரிய ஒரு நொடி ஆனது. கத்தரிக்கோலை டேங்க்கின் மேல் வைத்துவிட்டு, என் வலது கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நான் அழுதேன். செஞ்சி ரோட்டைப் பார்த்து நின்று, பட்டப்பகலில், எண்ணெய்க் கையோடு அழுதேன். சொல்வதற்கு எனக்கு வெட்கமில்லை.

அன்று மதியமே முதல் துளை விழுந்தது. மாலைக்குள் ஒரு குளவி, கறுப்பும் மஞ்சளுமாக, நூல் மாதிரி இடுப்போடு வெளியே வந்து, ஹெட்லைட்டின் மேல் உட்கார்ந்து சிறகை உலர்த்திக்கொண்டு பறந்து போனது. அடுத்த மூன்று நாளில் இன்னும் மூன்று. ஐந்தாவது அறை திறக்கவேயில்லை. இரண்டு நாள் கூடுதலாகக் காத்திருந்தேன். இப்போது யாரும் என்னைக் காத்திருக்கச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் டீச்சர் வந்தார். டார்ச் அடித்துப் பார்த்தார், நகத்தால் மெல்லத் தட்டிப் பார்த்தார். "இது வராது" என்றார். ஒரு நிமிஷம் கைகூப்பி நின்றுவிட்டு, "இனிமே நெருப்பு வைங்க தம்பி" என்றார்.

நான் நெருப்பு வைக்கவில்லை. ஸ்பானரை எடுத்தேன். மாதம் முடிய ஒரு வாரம்கூட இல்லை. இந்த போல்ட் முறிந்தால் என்ன நடக்கும் என்று எனக்கும் என் மனைவிக்கும்தான் தெரியும், டீச்சருக்குத் தெரியாது என்று நினைத்தேன். மெஷின் சத்தம் பின்னால் நின்றுபோயிருந்தது. இறுக்கும் பக்கம் ஒரு தள்ளு. கழற்றும் பக்கம் இழுத்தேன். அசைந்தது.

அசைந்தது, ஆனால் சத்தம் வரவில்லை. வழவழவென்று வந்தது. பாகு கிண்டுகிற மாதிரி.

போன மாதம் என்றால் இன்னொரு கால் சுற்று இழுத்திருப்பேன். இப்போது நடுவிரல் நிறுத்து என்றது. சத்தியமாக அப்படித்தான் சொன்னது. நிறுத்தினேன். இழுத்த தூரத்தை அப்படியே திரும்ப விட்டேன். ஸ்பானரை எடுத்துவிட்டு நான்கு சொட்டு எண்ணெய் விட்டேன். "இன்னா ஆச்சு" என்றார் டீச்சர். "ஒரு மணி நேரம் ஆவும் டீச்சர், உக்காருங்க" என்றேன். இருபத்தாறு வருஷத்தில் நானே முன்வந்து ஒருவரைக் காத்திருக்கச் சொன்னது அன்றைக்குத்தான்.

ஒரு மணி நேரம் கழித்து மறுபடி. இறுக்கும் பக்கம் கொஞ்சம், கழற்றும் பக்கம் கொஞ்சம். எண்ணெய். தட்டு. மறுபடி. ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ, கீச்சென்று ஒரு அழுகை. ஆயிரம் தடவை கேட்ட சத்தம்தான். இவ்வளவு அழகாக இருக்கும் என்று தெரியாது. ஒவ்வொரு மரையும் உரசிக்கொண்டு வருவது விரலுக்கு எண்ணி எண்ணித் தெரிந்தது. துரு படிந்து, நெளியாமல், முழுசாக வந்தது. டீச்சரின் உள்ளங்கையில் வைத்தேன்.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "கை இப்ப பரவாயில்லையா?" என்று கேட்டார்.

நான் அவரிடம் கையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"முத நாளே பாத்தேன். டீ கிளாஸை ரெண்டு கையால புடிச்சுக்கினு, புடிச்சிருக்கோமான்னு கண்ணால பாத்துக்கினே குடிச்சீங்க."

"அப்ப நெருப்பு வேணாம்னு சொன்னது குளவிக்கா, எனக்கா?"

"குளவிக்குத்தான்" என்றார் டீச்சர். கொஞ்சம் யோசித்துவிட்டு, "உங்களுக்குன்னு சொல்லியிருந்தா நீங்க கேட்டிருப்பீங்களா?" என்றார்.

கேட்டிருக்க மாட்டேன். என்னை எனக்குத் தெரியும். என் கைக்காகக் காத்திரு என்று டாக்டரம்மா சொல்லி நான் கேட்கவில்லை, மனைவி சொல்லாமல் சொல்லி நான் கேட்கவில்லை. ஐந்து குளவிக்காகக் காத்திருந்தேன். அந்த ஐந்துக்கும், நெருப்பு வேண்டாம் என்று சொன்ன டீச்சருக்கும் நான் எவ்வளவு கடமைப்பட்டிருக்கிறேன் என்பதை எப்படிச் சொல்வதென்று அன்றைக்குத் தெரியவில்லை. அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

ஹெட்டைத் தூக்கினேன், பிஸ்டனை விடுவித்தேன், மீதி வேலையெல்லாம் பத்து நாளில் முடிந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு போன டீச்சர் பனமலை ஏரிக்கரையில் நின்று ஒரு போட்டோ அனுப்பினார். வண்டி மட்டும்தான் இருந்தது, அவர் இல்லை. யாரையாவது எடுக்கச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டதற்கு, "யாரும் இல்ல, அதனாலதான் நல்லா இருந்துச்சு" என்றார். மச்சான் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு, தைத்த சட்டை வீணாகக் கூடாது என்று இரண்டையும் கொண்டுவந்து கொடுத்தான். ஷெட்டில் அதைத்தான் போட்டுக்கொள்கிறேன். நீலத்தில் எண்ணெய்க் கறை அவ்வளவாகத் தெரிவதில்லை, அதற்கும் அவனுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இன்ஜினைப் பூட்டுவதற்கு முன்னால் அந்தக் கூட்டை எடுத்தாக வேண்டும், ஓடினால் சூட்டில் கருகிவிடும். கத்தியை மெதுவாக உள்ளே விட்டு முழுசாகப் பெயர்த்தேன். திறக்காத ஐந்தாவது அறையை மட்டும் தனியாக உடைத்து, டீச்சருக்கு ஒரு தீப்பெட்டியில் போட்டு வைத்தேன். அவர் வாங்கிக்கொண்டு போய் வீட்டுச் செடித் தொட்டியில் வைத்தாராம். மீதி மண்ணை என் மனைவி கேட்டாள். குளவி மண்ணைக் குழைத்துப் பற்று போட்டால் வீக்கம் வாங்கும் என்பது அவளுடைய நம்பிக்கை. மணிக்கட்டில் தையல் போட்ட இடம் இன்னும் லேசாகப் புடைத்திருந்தது. நரம்புக்கு இதெல்லாம் ஆகுமா என்று டாக்டரம்மாவிடம் நான் கேட்கவில்லை, கேட்டால் திட்டுவார்.

கிண்ணத்தில் மண்ணைப் போட்டு, தண்ணீர் ஊற்றி, என் முன்னால் வைத்தாள். "நீங்களே கொழைங்க" என்றாள்.

மூன்று விரலை விட்டேன். தண்ணீர் சில்லென்று இருந்தது. மண் கரைந்தது, அதில் மணல் இருந்தது. ஏதோ ஏரிக்கரையிலிருந்து ஒரு குளவி வாயால் எடுத்துக்கொண்டு வந்த மணல். கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவில் வைத்து நெரித்தேன். பருக்கை பருக்கையாகத் தெரிந்தது.

"போதுங்க, கொழைஞ்சிடுச்சு" என்றாள் மனைவி.

"இன்னும் கொஞ்சம் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் குழைத்துக்கொண்டே இருந்தேன்.